செம்பிற் களிம்பு: பண்டை வெண்கலப் பொருள்களின் இயைபும் அரிமானமும்

செம்பின்மேல் படியும் பச்சை மாசுக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். செம்பும் களிம்பும் உடன்பிறந்தவை, ஒன்றை விட்டு ஒன்று நீங்கா என்னும் கருத்தைச் சைவ சித்தாந்த நூலார் உயிருக்கும் ஆணவ மலத்துக்கும் உவமையாக எடுத்தாண்டனர். தத்துவத்துக்கு ஏற்ற இவ்வுவமை, உலோகத்தின் இயல்பை நோக்குமிடத்துச் சற்றே திருத்தம் பெறவேண்டியதாகின்றது. களிம்பு செம்பினுள் பிறவியிலேயே உறைவதன்று. காற்று, நீர், உப்பு ஆகியவை புறத்தேயிருந்து வந்து உலோகத்தைத் தாக்குவதால் விளைவது. புறத்தேயிருந்து வருவதாகலின் அதனைத் தடுத்தலும் இயலும்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று. நூற்றாண்டுகள் பல மண்ணுள் கிடந்தும் வடிவு கெடாத ஒரு வெண்கலக் கிண்ணமோ படிமமோ, வெளியே எடுக்கப்பெற்ற பின் ஒரே மழைக்காலத்தில் பச்சைப் பொடியாக உதிரத் தொடங்குதல் உண்டு. கால்வாய் வெட்டும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், வயலை உழும்போதும் இத்தகைய பொருள்கள் இன்றும் கிடைத்து வருகின்றன. அவற்றை முதலில் கையாள்பவர் தொல்பொருள் இரசாயனப் புலவர் அல்லர். கிராம அலுவலரும், பொறியியல் துறைப் பணியாளரும், பள்ளி ஆசிரியருமே ஆவர். முதல் சில நாள்களில் அவர் செய்வதும் செய்யாது விடுவதுமே அப்பொருளின் ஆயுளை முடிவு செய்கின்றன.

செம்பிலிருந்து வெண்கலம்

தூய செம்பு மென்மையானது, எளிதில் வளைவது. அதனை உருக்க ஏறத்தாழ 1,084 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். உருகிய நிலையிலும் அது வாயுக்களை உட்கொண்டு, ஆறும்போது குமிழிகளை உண்டாக்கும். ஆதலின் நுட்பமான வார்ப்புக்கு அது அத்துணை ஏற்றதன்று. வெள்ளீயமோ 232 டிகிரியிலேயே உருகிவிடும். நூறு பங்கில் பத்துப் பங்கு வெள்ளீயத்தைச் செம்போடு சேர்த்தால் கலவையின் உருகுநிலை தாழ்கின்றது. உருகிய கலவை அச்சின் நுண்ணிய மூலைகளிலும் ஓடி நிரம்புகின்றது. ஆறிய பின் செம்பைக் காட்டிலும் கடினமாக நிற்கின்றது. இம்மூன்று நலன்களே வெண்கலத்தைப் பண்டை உலகின் முதன்மையான உலோகமாக்கின.

எனினும், பழைய பச்சை நிறப் பொருள் ஒவ்வொன்றும் வெண்கலமாகாது. சிந்துவெளிப் பொருள்களைப் பகுத்தாய்ந்த சனாவுல்லா என்னும் தொல்பொருள் இரசாயன அறிஞரின் முடிவுகள், 1931இல் ஜான் மார்ஷல் வெளியிட்ட மொகஞ்சதாரோ அறிக்கையில் இடம்பெற்றன. அங்கே கிடைத்தவற்றுள் சில தூய்மையாக்கப்படாத செம்பு. சில தூய்மையாக்கப்பட்ட செம்பு. சில ஆர்செனிக் என்னும் பாஷாணம் கலந்த செம்பு. சிலவே வெள்ளீயம் கலந்த வெண்கலம். ஆர்செனிக்கும் செம்பைக் கடினமாக்கும் ஆற்றலுடையது. செப்புக் கனிகள் சிலவற்றில் இயல்பாகவே கலந்திருப்பது. வெள்ளீயக் கனியோ இந்தியாவில் அரிது. பஸ்தர், தோஷாம் போன்ற சில இடங்களிலேயே காணப்படுவது. ஆதலின் அது தொலைவிலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்காக இருந்திருத்தல் வேண்டும் என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த, நடனமாது என வழங்கும் சிற்றுருவம் 10.5 செ.மீ. உயரமே உடையது. மெழுகினால் உரு அமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அக்காலத்திலேயே தேர்ச்சி பெற்றிருந்தமைக்கு அது சான்றாகும். மகாராஷ்டிரத்தில் தைமாபாத் என்னும் ஊரில் 1974இல் ஒரு குடியானவர் மரவேரைத் தோண்டுகையில் வெளிப்பட்ட தேர், யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய நான்கும் உட்புழையற்ற திண்ணிய வார்ப்புகள். மொத்தம் 60 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையவை. இவற்றின் உலோகத்தில் ஆர்செனிக் குறிப்பிடத்தக்க அளவு உளது. இவை ஹரப்பா நாகரிகத்தின் பிற்காலத்தைச் சேர்ந்தவை எனப் பலர் கொள்வர். அக்காலக் கணிப்பை ஐயுறுவோரும் உளர்.

இயைபு கூறும் வரலாறு

வெள்ளீயத்தின் அளவு மாறுபடுந்தோறும் வெண்கலத்தின் குணமும் மாறுபடுகின்றது. நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் சேர்ந்தால் உலோகம் நொறுங்கும் இயல்பைப் பெறுகின்றது. அங்ஙனமாயினும், தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் கிடைத்த மெல்லிய கிண்ணங்களை எஸ். பரமசிவன் பகுத்தாய்ந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு வெள்ளீயம் இருக்கக் கண்டார். நொறுங்க வேண்டிய உலோகத்தை இத்துணை மெல்லிய தகடாக அடித்தது எங்ஙனம்?

விடை வெப்பத்தில் உளது. இத்தகைய வெண்கலம் 586 டிகிரிக்கும் 798 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் சம்மட்டி அடிக்கு இணங்கும் ஓர் உள்ளமைப்பைப் பெறுகின்றது. செந்தணலாக இருக்கும்போதே அடித்து வடிவாக்கி, உடனே நீரில் தோய்த்தால், அவ்வுள்ளமைப்பு ஓரளவு நிலைத்து நிற்கும். மெல்ல ஆறவிட்டால் நொறுங்கும் அமைப்பாக மாறிவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில் உலையின் நிறத்தைக் கண்ணால் அளந்தே கன்னார் இத்தொழிலை நடத்தினர். தட்சசீலத்து அகழ்வுகளிலும் வெள்ளீயம் மிகுந்த வெண்கலப் பொருள்கள் கிடைத்துள்ளன. கேரளத்து ஆறன்முளையில் இன்றும் வார்க்கப்பெறும் உலோகக் கண்ணாடி நூற்றுக்கு ஏறத்தாழ 33 பங்கு வெள்ளீயம் கொண்டது. அது கண்ணாடிபோல் உடையக்கூடியது. ஆனால் முகம் தெளிவாகத் தெரியுமாறு மெருகேற்றத்தக்கது. நொறுங்கும் தன்மையே அங்குக் குணமாகிவிடுகின்றது.

சோழர் காலப் படிமங்கள் வேறு வகையின. அவற்றுள் வெள்ளீயம் அளவோடும், காரீயம் கணிசமாகவும் சேர்ந்திருத்தல் பெரும்பான்மை. காரீயம் செம்பில் கரைவதில்லை. சிறு சிறு திவலைகளாகச் சிதறி நிற்கும். அது வார்ப்பின் ஓட்டத்தை எளிதாக்குகின்றது. வார்த்த பின் உளியால் செதுக்குவதற்கும் துணை செய்கின்றது. பஞ்சலோகம் என்னும் பெயரில் குறிக்கப்பெறும் பொன்னும் வெள்ளியும், பகுத்தாய்வில் மிகச் சிறிய அளவிலேயே தென்படுகின்றன. பீகாரில் சுல்தான்கஞ்சு என்னுமிடத்தில் 1861இல் இரயில் பாதைப் பணியின்போது கிடைத்து, இப்போது இங்கிலாந்தில் பர்மிங்காம் காட்சிச்சாலையில் உள்ள புத்தர் படிமம், 500 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையதாயினும் வெண்கலமன்று, செம்பு. இங்ஙனம் இயைபை அறிதல் ஒரு பொருளின் காலத்தையும் தொழில்நுட்பத்தையும் வாணிகத் தொடர்பையும் ஆராய்வதற்கு வாயிலாகின்றது. புறப்பூச்சைச் சுரண்டிக் கழுவுவோர் அறியாமலே அவ்வாயிலை அடைத்து விடுகின்றனர்.

மண்ணுள் நிகழ்வது

செம்பு மண்ணுள் புதைந்தவுடன் ஈரமும் பிராணவாயுவும் அதனைத் தாக்குகின்றன. முதலில் உலோகத்தை ஒட்டிச் செந்நிறமான செப்பு ஆக்சைடு படிகின்றது. அதன்மேல் மண்ணிலுள்ள கரியமில வாயு வினைபுரிந்து பச்சை நிறமான மாலகைட்டையும், சில இடங்களில் நீலநிறமான அசுரைட்டையும் உண்டாக்குகின்றது. இவ்விரண்டும் செம்பின் கார்பனேட்டுகள். நகரங்களில், கந்தகப் புகை கலந்த காற்றில் நிற்கும் சிலைகளின் மேல் படியும் பச்சை, பெரும்பாலும் செம்பின் சல்பேட்டாகும்.

இப்படிவுகள் அடர்த்தியாகவும் வழவழப்பாகவும் அமைந்தால், அவையே உலோகத்துக்குக் கவசமாகி மேலும் அழிவு நேராமல் காக்கின்றன. பொருளின் பழைய மேற்பரப்பும், அதிலிருந்த எழுத்தும் கீறலும் பெரும்பாலும் இப்படிவுகளினுள்ளேயே பதிந்து நிற்கின்றன. அடியிலுள்ள பளபளப்பான உலோகத்தில் அல்ல. எனவே, பச்சையை முற்றும் நீக்கினால் பொருள் புதிதாகத் தோன்றும். ஆனால் அதன் உண்மையான முகம் போய்விடும்.

வெள்ளீயத்தின் போக்கு வேறு. மண்ணீரில் செம்பு கரைந்து வெளியேறும்போது, வெள்ளீயம் ஆக்சைடாக மாறி அவ்விடத்திலேயே தங்கிவிடுகின்றது. ஆகையால் நெடுங்காலம் புதைந்த பொருளின் மேற்பரப்பில் வெள்ளீயம், உள்ளே இருப்பதைக் காட்டிலும் மிகுதியாகத் தென்படும். எக்ஸ் கதிர்க் கருவியை மேற்பரப்பில் வைத்து மட்டும் இயைபைக் கணிப்போர் இதனால் ஏமாறுதல் கூடும். அரிமானம் சேராத உள்ளுலோகத்தை ஆய்ந்தாலன்றி உண்மையான விகிதம் புலப்படாது. காரீயத் திவலைகளும் மேற்பரப்பை ஒட்டிய இடத்தில் வெண்ணிறக் கார்பனேட்டாக மாறுகின்றன.

வெண்கல நோய்

மேற்கூறியவை யாவும் மெல்ல நிகழ்ந்து ஒரு நிலையில் அமைவன. அமைதியுறாதது ஒன்று உண்டு, அது குளோரைடு. கடலோர மண்ணிலும், உவர் நிலத்திலும், சாம்பலும் கழிவும் கலந்த வாழிடத்து மண்ணிலும் சோற்றுப்பின் இனமான குளோரைடுகள் மிகுதி. இவை களிம்பின் துளைகள் வழியே ஊடுருவி, உலோகத்தை ஒட்டிய அடியடுக்கில் செப்புக் குளோரைடாகத் தங்குகின்றன. இது மெழுகுபோன்ற வெளிறிய நிறத்தது. மேலுள்ள பச்சை அடுக்கினால் மூடப்பெற்றிருப்பதால் கண்ணுக்குப் புலனாவதில்லை. மண்ணின் ஆழத்தில் காற்று குறைவாக இருக்கும் வரையில் அஃது உறங்கிக் கிடக்கும்.

பொருள் வெளியே எடுக்கப்பெற்று, மேலடுக்கு விரிசல் கண்டு, ஈரக்காற்று உட்புகுந்ததும் அது விழித்தெழுகின்றது. செப்புக் குளோரைடு, நீராவியோடும் பிராணவாயுவோடும் சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாக மாறுகின்றது. உடன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தோன்றுகின்றது. அவ்வமிலம் அடுத்துள்ள செம்பைத் தாக்கி மீண்டும் செப்புக் குளோரைடை உண்டாக்குகின்றது. அக்குளோரைடு மறுபடியும் ஈரத்தோடு வினைபுரிகின்றது. இச்சுழற்சியில் குளோரைடு செலவாகித் தீர்வதில்லை; ஒரு சிறு அளவே மீண்டும் மீண்டும் வேலை செய்து உலோகத்தைத் தின்றுகொண்டே செல்கின்றது. புதிதாகத் தோன்றும் பொடி, தான் தோன்றிய பொருளைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலடுக்கு பிளந்து செதில் செதிலாகப் பெயர்கின்றது. இவ்விதச் சுழற்சியைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் மார்செலின் பெர்த்தலோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கினார். முன்னாளில் இது கிருமியால் வருவதெனச் சிலர் எண்ணியதுண்டு. நோய் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இதில் கிருமி எதுவும் இல்லை.

இச்சுழற்சிக்கு இன்றியமையாதது ஈரம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 40க்குக் கீழ் இருக்குமாயின் வினை பெரும்பாலும் அடங்கி நிற்கும். 55ஐக் கடந்தால் விரைவு கொள்ளும். இந்தியக் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்து ஈரப்பதம் 80ஐக் கடத்தல் இயல்பு. ஆகவே, கோடையில் நலமாகத் தோன்றிய பொருள் பருவமழையில் பொடி உதிர்ப்பதில் வியப்பில்லை.

சிகிச்சையின் வரலாறு

காட்சிச்சாலைப் பொருள்களுக்கெனத் தனி ஆய்வுக்கூடம் 1888இல் பெர்லினில் பிரடெரிக் ராத்கென் என்பவரின் பொறுப்பில் அமைந்தது. இந்தியாவில் தொல்பொருள் ஆய்வுத் துறையின் விஞ்ஞானப் பிரிவு 1917இல் கல்கத்தாவில் தோன்றி, பின்னர் தேராதூனுக்கு மாற்றப்பெற்றது. சென்னை அரசாங்கக் காட்சிச்சாலையில் 1930இல் இரசாயனப் பாதுகாப்புப் பணி தொடங்கிற்று. அங்குப் பரமசிவன், நோயுற்ற படிமங்களைக் காரக் கரைசலில் அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்திக் குளோரைடை வெளியேற்றும் முறையைக் கையாண்டு பல பொருள்களைக் காத்தார்.

மின்முறை விரைவானது; ஆனால் களிம்பையும் உடன் நீக்கிவிடும் குறையுடையது. ஆதலின் பிற்காலத்தார் மென்மையான வழிகளை நாடினர். சோடியம் செஸ்குவிகார்பனேட்டின் நீர்த்த கரைசலில் பொருளை ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றிக் குளோரைடை இழுத்தல் ஒருமுறை. இதற்குப் பல மாதங்கள் ஆகும். நோயுற்ற குழியில் வெள்ளி ஆக்சைடை அடைத்து, குளோரைடைக் கரையாத வெள்ளிக் குளோரைடாகக் கட்டிவிடுதல் மற்றொன்று. 1967 முதல் பென்சோட்ரையசோல் என்னும் பொருள் வழக்குக்கு வந்தது. அது செம்பின்மேல் மெல்லிய தடுப்புப் படலத்தை உண்டாக்குகின்றது. இஃது உடல்நலத்துக்குத் தீங்கானது. பயிற்சி பெற்றோர் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே கையாளத்தக்கது. பண்பாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்கென இலட்சுமணபுரியில், அதாவது இலக்னோவில், 1976இல் தேசிய ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. எம்முறையாயினும், சிகிச்சைக்குப் பின்னும் ஈரம் விலக்கப்படாவிடில் நோய் திரும்பும்.

களப்பணியாளர் கவனத்துக்கு

வெண்கலப் பொருள் கிடைத்ததும் செய்யத்தக்கவற்றைவிடச் செய்யத்தகாதவையே முதன்மையானவை.

புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கற்பொடி ஆகியவற்றால் தேய்த்தல் ஆகாது. அன்றாடப் புழக்கத்திலுள்ள பாத்திரத்துக்குப் பொருந்தும் இம்முறை, புதைபொருளின் மேற்பரப்பை அழித்துவிடும். கிணற்றுநீரில் கழுவுதலும் கூடாது. பல ஊர்களில் அந்நீரே உப்புடையது. எண்ணெய், வார்னிஷ் முதலியன பூசினால் நோய் உள்ளே அடைபட்டு மறைவாக வளரும். உள்ளே ஒட்டியுள்ள மண்ணைக் குடைந்து எடுத்தலும் தவறு. அம்மண்ணில் தானியமோ துணியின் சுவடோ இருத்தல் கூடும்.

கிடைத்த இடம், ஆழம், உடன் கிடைத்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்து, அளவுகோலுடன் நிழற்படம் எடுத்தல் வேண்டும். ஒட்டிய மண்ணை மென்மையான தூரிகையால் மட்டும் அகற்றலாம். பொருளைக் கையுறையுடன் எடுத்து, மூடியுள்ள பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தல் நலம். சிலிக்கா ஜெல் ஈரமுற்றதும் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம். பொடி உதிரும் பொருளைத் தனிப்பெட்டியில் வைத்தல் கண்காணிப்பை எளிதாக்கும்.

நிலையான களிம்பு கடினமாகவும் கரும்பச்சையாகவும் இருக்கும். நோயின் பொடியோ வெளிறிய பச்சையாய், மாவுபோல், மரக்குச்சியின் நுனியால் தொட்டாலே உதிர்வதாய்ப் புள்ளி புள்ளியாகத் தோன்றும். ஆய்வுக்கூட வசதியுள்ளவர், உதிர்ந்த பொடியின் சில துகள்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் ஒரு துளி இடலாம். தயிர்போன்ற வெண்மை திரண்டால் குளோரைடு உண்டென அறியலாம். இச்சோதனை உதிர்ந்த பொடியில் செய்யத்தக்கது; பொருளின்மேல் அன்று.

சட்டக் கடமையும் உண்டு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். அறிவிப்பு விரைந்து சென்றால், பொருளும் விரைந்து உரிய ஆய்வுக்கூடத்தை அடையும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இச்செய்தியைச் சிறு செலவில் மாணவர்க்கு மெய்ப்பித்துக் காட்டலாம். உப்புத்தாளால் நன்கு துலக்கிய நான்கு செப்புத் தகடுகளை எடுத்து, இரண்டை மட்டும் உப்பு நீரில் தோய்த்து நிழலில் உலர்த்துக. மூடியுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பிகளுள் ஒன்றின் அடியில் சிலிக்கா ஜெல்லையும், மற்றொன்றின் அடியில் சிறிது நீரையும் இடுக. ஒவ்வொன்றிலும் உப்புத் தோய்ந்த தகடு ஒன்றையும் தோயாத தகடு ஒன்றையும், அடியிலுள்ள பொருளைத் தொடாதவாறு நூலில் தொங்கவிடுக. நீருள்ள குப்பியை நாள்தோறும் சிறிது நேரம் திறந்து காற்றுப்புகச் செய்க.

இரண்டு மூன்று வாரங்களில், உப்பும் ஈரமும் ஒருங்கே சேர்ந்த தகடே மிகுதியாகப் பச்சை பூக்கும். உப்பு இருந்தும் உலர்ந்த குப்பியிலுள்ள தகடு ஏறக்குறைய மாறாதிருக்கும். உப்பை நீக்க இயலாத நிலையிலும் ஈரத்தை நீக்கினால் போதும் என்னும் உண்மை இதனால் விளங்கும். களிம்பு நச்சுடையது, தகட்டைத் தொட்ட மாணவர் கை கழுவுதல் வேண்டும்.

பெரிய காட்சிச்சாலைகளில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரங்கள் உள. சிற்றூர்ப் பள்ளியிலோ தாலுகா அலுவலகத்திலோ அவை இல்லை. ஆனால் மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு பெட்டியும், சிறிது சிலிக்கா ஜெல்லும், வாரம் ஒருமுறை திறந்து நோக்கும் கண்ணும் எங்கும் கிடைக்கக் கூடியவை. ஒரு பொருள் ஆய்வுக்கூடத்தை அடையும் வரையில் அதனைக் காப்பதற்கு இவையே போதுமானவை. அடைந்த பின் அதன் இயைபை ஆய்வோர், எக்கனியிலிருந்து, எவ்வுலையில், எத்தேர்ச்சியோடு அது உருவாயிற்று என்பதை எடுத்துரைப்பர். புளியிட்டுத் துலக்கிய பொருளிடம் அவ்வினாக்களுக்குரிய விடையிற் பெரும்பகுதி எஞ்சியிராது.